பட்டாணியைத் தேடி வந்தவர்கள்

மார்ச் 4

சின்னவளுக்கு,

உன் அண்ணன் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிட்டேன். மீதியை உட்கார்ந்து படி.

உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். எத்தனை தடவை அழைத்தாலும் மணி அடிக்காது. உன் குரலைக் கேட்டால் வாயில் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருக்கிறது. எழுதினால் கை வலித்தாவது நிறுத்திக்கொள்வேன்.

நேற்றுக் காலை காப்பகத்தில் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். தையற்காரி தன் மகள் பட்டாணியை விட்டுவிட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அப்போது வெல்டர் வந்தான். பின்தெருவில் பட்டறை வைத்திருக்கிறானே, போன வாரம் மருந்துக்கு அடங்காத காய்ச்சலில் எட்டு மாதப் பையனைப் பறிகொடுத்தானே, அவன்தான். அவன் பெரிய பிள்ளை வாயாடியும் நம் காப்பகத்துப் பிள்ளைதான். தம்பி போனதிலிருந்து அவளை அனுப்பவில்லை. அவனுக்குப் பின்னால் அவன் அண்ணன்காரனும் இன்னும் மூன்று பேரும். எல்லார் கையிலும் ஏதோ ஒன்று. வெல்டர் கையில் இரும்புக் குழாய்.

"எங்க அந்த விஷக் குட்டி?" என்றான்.

"யாரப்பா கேக்குற?" என்றேன். நிஜமாகவே புரியவில்லை எனக்கு.

"உங்க நாத்தனார் பேப்பர்ல சொன்னாங்களே, பிள்ளைங்க வயித்துல சாகாத கிருமி இருக்குன்னு. அது எந்தப் பிள்ளைன்னு தெருவுக்கே தெரியும். பொறந்ததுல இருந்து ஆஸ்பத்திரியிலயே கெடந்தது எது? அதத்தான் கேக்குறேன்."

தையற்காரி கதவை மறித்து நின்றாள். பேச்சே இல்லை, குழாயை அவள் தோளில் இறக்கினான். அவள் மடிந்து விழுந்த சத்தத்தில் பிள்ளைகள் மேசைக்கு அடியில் புகுந்துவிட்டார்கள். பட்டாணி பொம்மைப் பெட்டிக்குள் போய் மூடியை இழுத்துக்கொண்டாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது அதை?

எதிரே மருந்துக்கடையிலிருந்து உன் அண்ணன் ஓடி வந்தார். டிவியில் சண்டை வந்தால்கூடச் சத்தத்தைக் குறைக்கிற மனுஷன். "வேணாம்ப்பா, பிள்ளைங்க இருக்காங்க" என்று கையை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தார். நீட்டிய அந்தக் கையின் மேல்தான் அடி விழுந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வெளியே வந்தது. சிந்திக் கிடந்த பாலில் ரத்தம் கலந்து பிள்ளைகளின் கால் வரைக்கும் ஓடியது. அவன் மறுபடி ஓங்கினான். இந்தத் தடவை தலைக்கு.

சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரை எடுத்து அவன் மண்டையில் அடித்தேன். விழுந்தான். விழுந்தவனை இன்னொரு தடவை அடித்தேன். முதல் அடி உன் அண்ணனுக்காக. இரண்டாவது எனக்காக. போலீஸிலும் இதையேதான் சொன்னேன். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டுதான் ஜாமீன் வாங்கினார்.

மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். செருப்பில்லாமல் அவனைத் தடுக்க ஓடிவந்த அவன் மனைவி மட்டும் வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மலம் எடுத்துப் பார்க்க நீ சின்னச் சின்ன டப்பாக்களோடு வந்தபோது பிள்ளைகள் உன்னைக் 'கக்கா அத்தை' என்று கூப்பிட்டு எப்படிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது சொல்கிறேன், இங்கே வந்துவிடாதே.

அண்ணி

*

மார்ச் 7

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். எழுந்திருக்க நேரமானது.

நீங்கள் திட்டியது போதாது என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான் 'சாகாத கிருமி' என்று சொல்லவே இல்லை. நிருபர் என்னிடம் அரை மணி நேரம் பேசினார், தலைப்பை வேறு யாரோ போட்டார்கள். அதில் ஊர்ப் பெயரோ காப்பகத்தின் பெயரோ இல்லை. யாரோ பொருத்திக்கொண்டார்கள்.

நான் சொன்னது இதுதான். நம் எல்லார் குடலிலும் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பெரும்பாலும் நமக்கு உதவுகிறவை. அவற்றில் சிலவற்றிடம் ஆன்டிபயாட்டிக்கை எதிர்த்துப் பிழைத்துக்கொள்ளும் மரபணுக்கள் இருக்கின்றன. அதனால் பிள்ளைக்கு ஒரு கேடும் இல்லை. விளையாடும், சாப்பிடும், சண்டை போடும். ஆனால் அந்த மரபணு ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்குப் போகும். நோய் உண்டாக்கும் ஒன்றிடம் போய்ச் சேர்ந்தால் அப்போது மருந்து தோற்கும். நம் காப்பகத்தில் மருந்தே விழுங்காத பிள்ளைகளிடமும் அது இருந்தது. தண்ணீரில், இறைச்சியில், கையில், தரையில், எங்கிருந்தும் வரும். பட்டாணி மற்றப் பிள்ளைகளை விட எந்த விதத்திலும் வேறு இல்லை. இதைத் தெருவில் யாராவது நின்று சொல்ல வேண்டும். நான் வந்து சொல்கிறேன் என்றால் நீங்கள் விடமாட்டீர்கள்.

டப்பாக்களைப் பிள்ளைகளின் பெற்றோரிடம் கொடுத்து, "எங்க வீட்டுப் பொண்ணு ஆராய்ச்சி, மறக்காம கொண்டாங்க" என்று பெருமையாகச் சொன்னது நீங்கள்தான் அண்ணி. குற்றம் சொல்லவில்லை. அந்தப் பெருமையை நான் வைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அண்ணனின் காயம் தரையில் கிடந்து அழுக்குப் பட்டதா? எலும்பு வெளியே வந்திருந்தால் கிருமி உள்ளே போகும். மருந்து மாற்றுவதற்கு முன், எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கக் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். சத்தம் போட்டாவது எடுக்க வையுங்கள். அதில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை.

சின்னவள்

*

மார்ச் 12

சின்னவளுக்கு,

சத்தம் போட்டேன். எடுத்தார்கள். உன் ஆய்வகத்துக்குத்தான் அனுப்பியிருப்பதாகச் சொல்கிறார்கள்.

உன் அண்ணனுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. கட்டைப் பிரிக்கும்போது நான் வெளியே போய்விடுவேன். இன்று போகவில்லை. முழங்கைக்குக் கீழே பச்சையும் கறுப்புமாக, ஒரு நாற்றம். இரண்டு தடவை மருந்தை மாற்றிவிட்டார்கள். அவர் அரை மயக்கத்தில், "அந்த ஷெல்ஃபுல மேல இருக்கு பார், அத எடு" என்று கடையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு பேசுகிறார்.

அந்தக் கடை இப்போது இல்லை.

முந்தாநாள் சாயங்காலம் வெல்டரின் அண்ணன்காரன் ஆள் சேர்த்துக்கொண்டு வந்து ஷட்டரைக் கடப்பாரையால் பெயர்த்தான். நான் எதிரே காப்பகத்து மாடியிலிருந்து பார்த்தேன். கண்ணாடிகளை உடைத்தார்கள். டீசலை ஊற்றிக் கொளுத்தினார்கள். சிரப் பாட்டில்கள் சூட்டில் கொதித்து ஒவ்வொன்றாக வெடித்தன, பட்டாசு போல. தெருவே சர்க்கரை தீய்ந்த வாசனை. "இவன் வித்த மருந்துதான் கிருமிக்குத் தீனி போட்டுச்சு" என்று கத்தினார்கள். அது எங்கிருந்து அவர்களுக்குத் தெரிந்தது? உன் பேப்பரில் அதுவும் போட்டிருந்ததாம்.

உன் அண்ணன் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுத்தது உண்மைதான். யாருக்குக் கொடுத்தார்? இவர்களுக்குத்தான். "பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது, அந்த ஸ்ட்ராங் மாத்திரை நாலு கொடுங்க" என்று கவுன்ட்டரைத் தட்டியது யார்? அந்த அண்ணன்காரன் தன் பல்வலிக்கே மாதம் ஒரு தடவை வாங்கித் தின்றவன். கடையை எரித்த கையில் அந்த மாத்திரையின் தெம்புதான் இருந்தது.

காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தபோது சாம்பல்தான் மிச்சம். மூன்று பேரைப் பிடித்தார்கள். அண்ணன்காரனைக் காணோம் என்கிறார்கள். அவன் ஆஸ்பத்திரியில் தம்பி பக்கத்திலேயே காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

தையற்காரி வீட்டு ஜன்னலுக்குக் கல் விழுந்தது. அவளும் பட்டாணியும் இப்போது என் வீட்டில். அவள் தோளுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், ஊசியில் நூல் கோக்கக்கூட முடியாது. பட்டாணி பகலில்கூடக் கட்டிலுக்கு அடியில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நான் தட்டை உள்ளே தள்ளிவிடுகிறேன்.

நீ படித்தவள். ஒன்று சொல். இந்தக் கையைக் காப்பாற்ற உன்னிடம் ஏதாவது இருக்கிறதா, இல்லையா?

அண்ணி

*

மார்ச் 13

அண்ணி,

டாக்டரிடம் போனில் பேசிவிட்டேன். இந்தக் கடிதம் கூரியரில் வருவதற்குள் மருந்து ஏறத் தொடங்கியிருக்கும்.

அண்ணனின் மாதிரியை நானே பார்த்தேன். பார்க்கக் கூடாது, சொந்தக்காரர் என்றால் வேறு ஆளிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. தட்டில் ஒவ்வொரு மருந்து வில்லையையும் ஒட்டிக்கொண்டே கிருமி வளர்ந்திருந்தது. ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருந்தது, அந்த மருந்துக்கு மட்டும்தான் அது அடங்கும் என்று அர்த்தம். அது பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், அதனால் கடைசியில்தான் கையில் எடுப்பார்கள். எடுக்கச் சொல்லிவிட்டேன். உயிருக்கு அது போதும் என்று நினைக்கிறேன். கைக்குப் போதுமா என்று தெரியவில்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். எழுதக் கூடாததுதான். பெற்றோருக்கு நான் கொடுத்த வாக்கு அது. ஆனால் பட்டாணி கட்டிலுக்கு அடியில் சாப்பிடுகிறாள் என்று படித்ததிலிருந்து மண்டைக்குள் ஏதோ கொதிக்கிறது. அந்த வெல்டர் விஷப் பிள்ளையைத் தேடுகிறானே, அவன் மகள் வாயாடியின் மாதிரியிலும் அதே மரபணுக்கள்தான். பட்டாணியை விடக் கூடவே. அதற்கும் தம்பி இறந்ததற்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தேடத் தொடங்கினால் அவன் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

இது உங்களோடு இருக்கட்டும்.

சின்னவள்

*

மார்ச் 19

சின்னவளுக்கு,

கையை எடுத்துவிட்டார்கள். முழங்கைக்குக் கீழே. கையெழுத்துப் போட்டது நான். உயிர் நிற்கும் என்கிறார்கள். காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கண் விழித்ததும் இடது கையால் வலது பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "கத்தரிக்கோல் பிடிக்கிற கை ஆச்சே" என்று மட்டும் சொன்னார். ஸ்ட்ரிப்பிலிருந்து மாத்திரை வெட்டிக் கொடுக்கிற கை. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஆத்திரத்தோடு மேல் மாடிக்குப் போனேன். வெல்டர் அங்கேதான் கிடக்கிறான். தலை முழுக்கக் கட்டு, ஒரு பக்க முகம் இறங்கிப்போயிருக்கிறது, பேச்சு குழறுகிறது. ஒரு கை கட்டிலோடு விலங்கில். அவன் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள், வாயாடி அவள் மடியில். அண்ணன்காரன் நாற்காலியில்.

"அவர் கைய எடுத்துட்டாங்க" என்றேன்.

அண்ணன்காரன் சிரித்தான். "கைதானே போச்சு. எங்க வீட்ல உசுரே போயிருக்கு."

அவ்வளவுதான். "உசுர எடுத்த கிருமியத் தெருத் தெருவாத் தேடுறீங்களே, இதோ உங்க வாயாடி வயித்துலயும் அதேதான் இருக்கு. பட்டாணிய விட ஜாஸ்தி. இப்ப யாரப் போய் அடிக்கப் போறீங்க?" என்றேன்.

வெல்டர் கண்ணை மூடிக்கொண்டான். அவன் மனைவி பிள்ளையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அண்ணன்காரன் அந்தப் பிள்ளையின் வயிற்றைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றை.

படி இறங்கும்போது இனித்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே இனித்தது. கீழே வந்து சேர்வதற்குள் வாய் கசந்துவிட்டது. உன்னிடம் மறைக்க மாட்டேன், நீ எழுதியதைத்தான் எடுத்து வீசினேன்.

அண்ணி

*

மார்ச் 22

அண்ணி,

உங்களோடு இருக்கட்டும் என்று எழுதினேனே. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரா நீங்கள்?

வெல்டர் தரப்பு வக்கீல் எங்கள் துறைத் தலைவருக்குப் போன் செய்திருக்கிறார். என்னை ஆய்விலிருந்து விலக்கிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி. நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது, அதற்கான தண்டனையை நான் வாங்கிக்கொள்கிறேன். அது என் பாடு.

ஆனால் நாலரை வயதுப் பிள்ளையை ஓர் அறைக்கு நடுவில் நிறுத்திவிட்டு வந்தீர்களே, அதை எப்படி விடுவது? பட்டாணிக்காகச் சிலிண்டரைத் தூக்கிய நீங்கள்! அவன் கொண்டுவந்தது குழாய், நீங்கள் கொண்டுபோனது வார்த்தை. அதுவும் நான் கொடுத்த வார்த்தை. அண்ணன் இதைக் கேட்டால் உங்கள் முகத்தில் விழிப்பாரா?

அவன் வயிற்றைப் பார்த்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு உறையை ஒட்டி அனுப்பியும் விட்டீர்கள். அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாள் என்று போய்ப் பார்த்தீர்களா? பாருங்கள். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போங்கள்.

*

மார்ச் 27

சின்னவளுக்கு,

நான் போக வேண்டியிருக்கவில்லை. அவர்களே வந்துவிட்டார்கள்.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் கதவை யாரோ காலால் உதைத்தார்கள். கத்தியை எடுத்துக்கொண்டுதான் திறந்தேன். வெல்டரின் மனைவி. இரண்டு கையிலும் வாயாடியைத் தூக்கிக்கொண்டு நின்றாள், அதனால்தான் காலால் உதைத்திருக்கிறாள். பிள்ளையின் நெற்றி பிளந்து கண் மூடும் அளவுக்கு ரத்தம். அம்மாவின் பல்லிலும் ரத்தம்.

அந்த அண்ணன்காரன், "தம்பியத் தின்னவ நீதானா?" என்று பிள்ளையைத் தலைமுடியோடு பிடித்துத் தள்ளியிருக்கிறான். அவள் அப்பன் பற்றவைத்த இரும்புக் கதவின் விளிம்பிலேயே போய் மோதியிருக்கிறாள். இவள் பாய்ந்து அவன் கட்டைவிரலைக் கடித்திருக்கிறாள். "எலும்பு தட்டுற வரைக்கும் கடிச்சேன்க்கா" என்றாள். பிறகு, "வேற எங்க போறதுன்னு தெரியல" என்றாள். அந்த விரல்தான் அவனைப் பிடித்துக்கொடுத்தது. கட்டுப் போடப் போன இடத்தில் விரலைக் கடித்தது யார் என்று போலீஸ் கேட்டது, உளறிக் கொட்டினான். இப்போது உள்ளே இருக்கிறான்.

பக்கத்து கிளினிக்கில் தையல் போட்டுக் கூட்டிவந்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது தையற்காரி கூடத்தில் நின்றாள். வெல்டரின் மனைவியைப் பார்த்ததும் நல்ல கையால் கன்னத்தில் அறைந்தாள். இவள் நகரவில்லை. மறுபடி அறைந்தாள். இவள் பிள்ளையை மட்டும் மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு அப்படியே நின்றாள். நான் நடுவில் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

மறுநாள் தையற்காரி பட்டாணியைக் கூட்டிக்கொண்டு தன் சித்தி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "அந்தப் பிள்ள மேல எனக்குக் கோபம் இல்லக்கா. அவ அம்மா வாயத் தொறந்தா எனக்குத் தோள் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. நான் இருந்தா ஏதாவது பண்ணிடுவேன்" என்றாள். பட்டாணி என் கழுத்தை விடவே இல்லை. பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

நேற்று உன் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்றே வாயாடிக்குக் காய்ச்சல். தையல் போட்ட இடம் சிவந்து தடித்து, தொட்டால் அலறுகிறாள். தெருவில் எந்தக் கடைக்காரனும் எங்களுக்குக் கதவு திறப்பதில்லை. எரிந்த கடையிலிருந்து பொறுக்கி வந்த மருந்தில் ஒரு சிரப் முழுசாக இருந்தது, லேபிள் பாதி தீய்ந்தது. மூடியைத் திறந்து ஊற்றப் போனேன். உன் அண்ணன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பலமே இல்லாத கை, ஆனாலும் விடவில்லை.

"கொடுக்காத. எந்தக் கிருமின்னு பாக்காம கொடுக்காத."

"இத்தன வருஷமா நீங்க கொடுத்தீங்களே?" என்றேன்.

"கொடுத்தேன்" என்றார். அழுதார். பாட்டிலை மட்டும் விடவில்லை.

அந்தப் பிள்ளையின் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்தான் அறையில் அதைச் சொன்னவள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவைகூட அதை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை.

உன் மேல் கோபம் போய்விட்டதா என்றால் இல்லை. என் மேல் உனக்கும் இருக்கும். இரண்டையும் கொண்டுவா. உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் போனில் பேசிக்கொண்டிருக்காதே, வண்டி ஏறு.

அண்ணி

*

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களிடமிருந்து கிளம்பி நல்லபடியாக ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தேன்.

வாயாடிக்குக் காய்ச்சல் திரும்ப வரவில்லை என்று நேற்று நீங்கள் சொன்னதைக் கேட்டு இங்கே உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். நெற்றிக் காயத்தில் எடுத்த கல்ச்சரில் வந்தது தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமி. எல்லா மருந்துக்கும் அடங்கியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அப்படி ஒரு தட்டைப் பார்த்தேன். டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் மருந்தைக் கொடுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். தன் காயத்தைப் பற்றி அவள் சொல்லும் கதை ஒவ்வொரு நாளும் நீண்டுகொண்டே போகிறது. கடைசியாக அதில் ஒரு புலி வந்துவிட்டது.

உங்களிடம் நேரில் சொல்லாமல் வந்த ஒன்றை எழுதுகிறேன். கிளம்பும் முன் ஆஸ்பத்திரியின் மேல் மாடிக்குப் போனேன். வெல்டர் என்னை அடித்தால் அடிக்கட்டும் என்றுதான் போனேன். ஒரு கை விலங்கில், ஒரு பக்கம் விழுந்து கிடக்கிற ஆள் அடிக்க மாட்டான் என்று நிச்சயம் இருந்தது. அந்த நிச்சயத்தோடு போனதும் அசிங்கம்தான்.

அவன் பையனின் ரத்தத்தில் எடுத்த கிருமியை ஆஸ்பத்திரியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். அதைக் காப்பகத்துப் பிள்ளைகளின் மாதிரிகளோடு வேறு ஆளை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லித் துறைத் தலைவரிடம் கெஞ்சினேன். நான் தொடவில்லை. அது காப்பகத்துப் பிள்ளைகள் யாரிடமிருந்தும் வந்தது இல்லை. பட்டாணியிடமிருந்து இல்லை. வாயாடியிடமிருந்தும் இல்லை. எங்கிருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீராக இருக்கலாம், ஆஸ்பத்திரிக் குழாயாக இருக்கலாம், தூக்கிக் கொஞ்சிய யாரோ ஒருவரின் கையாக இருக்கலாம்.

அவனுக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னேன். கேட்டான். மகள் பெயரை நான் சொன்னபோது நல்ல பக்கத்துக் கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்தது. அவள் நெற்றியில் எத்தனை தையல் என்று விரலால் கேட்டான், சொன்னேன். நீங்கள் அவளை வைத்திருக்கிறீர்கள் என்றும் சொன்னேன். தலையை அசைத்தான்.

பிறகு வாயைக் கூட்டிக் கூட்டி ஒன்று கேட்டான். முதல் தடவை எனக்குப் புரியவில்லை. குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"அப்ப... நான் யார அடிக்கணும்?"

கோபமாகவோ கிண்டலாகவோ கேட்கவில்லை, அண்ணி. வழி கேட்பவன் போலக் கேட்டுவிட்டு, நான் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தான். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும் வரைக்கும் அப்படியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சின்னவள்